வந்த தண்ணீர் எங்கே போச்சு? – சென்னைக் குழாய்நீர் வரலாற்றை அருப்புக்கோட்டையிலிருந்து வாசித்தல்

"வெள்ளைக்காரன் போட்ட குழாய்டா. நூறு வருஷமாச்சு, அசையாம கெடக்கு. நம்மாளு போட்டது மூணாம் வருஷமே ஒழுகுது."

என் பெரியப்பா இதைச் சொல்லாத மாதம் கிடையாது. அருப்புக்கோட்டையில் தறி நெய்து பிழைத்தவர். வயசான பிறகு மகன் வீட்டோடு சென்னையில் நாலைந்து வருஷம் இருந்து பார்த்துவிட்டு, "அந்தக் காத்து ஒத்துக்கல" என்று திரும்பி வந்துவிட்டார். சென்னையில் அவரை அசத்தியது கடற்கரை இல்லை, கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாராம். கரிசக்காட்டு ஆளுக்குத் தண்ணீர் சம்பந்தப்பட்ட எந்தக் கட்டடமும் கோயில் மாதிரிதான், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

பெரியப்பாவின் வாக்கியம் பெரியப்பாவோடு நின்றிருந்தால் இந்தக் குறிப்பே தேவைப்பட்டிருக்காது. ஆனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் சென்னை தினத்தை ஒட்டி வருகிற கட்டுரைகள், காணொளிகள், பழைய படத்தைப் போட்டு எழுதும் பதிவுகள் எல்லாவற்றிலும் இதே வாக்கியம் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. கொஞ்ச நாளாக இந்த வகை எழுத்தைத் தேடித் தேடி வாசித்தேன். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே எலும்புக்கூடுதான். ஒரு எஞ்சினியர் பெயர், ஒரு வருஷம், செலவுத் தொகை, திறப்பு விழாப் படம், பிறகு ஒரு பெருமூச்சு. திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று எழுதின ஒரு கட்டுரையைக்கூட நான் பார்க்கவில்லை. என்னுடைய சண்டை அந்த மறுநாளைப் பற்றியது.

முதலில் அந்தக் கட்டுரைகள் சரியாகவே சொல்லும் விஷயங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

சென்னை ஆற்றங்கரையில் எழுந்த நகரம் என்று சொல்வது பேருக்குத்தான். கூவமும் அடையாறும் வருஷத்தில் பாதி நாள் மணல். வீட்டுக் கிணறும் கோயில் குளமும் ஏரியும்தான் குடிநீர். கோட்டைக்குள் இருந்த கும்பினிக்காரர்களுக்காகப் பெத்துநாயக்கன்பேட்டையில் தோண்டப்பட்ட கிணறுகள்தான் ஏழுகிணறு, 1772 வாக்கில். நகர முழுமைக்கும் தண்ணீர் என்ற யோசனை வர இன்னும் நூறு வருஷம் ஆனது. 1866-ல் பொதுப்பணித் துறையின் ஃப்ரேசர் என்ற எஞ்சினியர் ஒரு திட்டம் கொடுத்தார். கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டித் திருப்பி, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் ஏரிக்கும் கொண்டுவருவது. புழலிலிருந்து திறந்த மண் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம், அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் ஊருக்குள். 1872-ல் இது நடந்தேறியது. அப்போது சென்னையின் ஜனத்தொகை நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

ஒன்றைக் கவனியுங்கள். சோழவரமும் புழலும் வெள்ளைக்காரன் வெட்டின ஏரிகள் இல்லை. ஏற்கெனவே பாசனத்துக்கு இருந்தவை. கரையை உயர்த்தி, வரத்துக்காலை இழுத்து, நகரத்தின் பெயரில் எழுதிக்கொண்டார்கள். "வெள்ளைக்காரன் கட்டினான்" என்ற சொல்லுக்குள் எவ்வளவு பழைய மண்வேலை மறைந்திருக்கிறது என்பதை அந்தக் கட்டுரைகள் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை.

1872 குழாய்த் தண்ணீர் வடிகட்டாத தண்ணீர். திறந்த கால்வாயில் மாடு இறங்கும், துணி துவைப்பார்கள், மழைக்குச் சேறு வரும். கீழ்ப்பாக்கத்தில் நீர்மட்டம் போதிய உயரத்தில் இல்லாததால் தூரத்துத் தெருக்களுக்கு அழுத்தம் பத்தவில்லை. அதாவது பெரியப்பா புகழும் குழாயும் போட்ட சில காலத்திலேயே புகார் வாங்கின குழாய்தான். அதைச் சரிசெய்ய 40 வருஷம் எடுத்துக்கொண்டார்கள். மேட்லி என்ற எஞ்சினியரின் பொறுப்பில் புழலிலிருந்து மூடிய கால்வாய், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், நீராவியில் ஓடும் இறைப்பு யந்திரங்கள், உயரத்தில் இரும்புத் தொட்டி. 1914-ல் அது முடிந்தது. 1961-ல் ஜனத்தொகை 6.6 லட்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். 1961 வந்தபோது சென்னையில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கு மேல். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட கணக்கு, தப்பானதில் ஆச்சரியமில்லை. எதிர்காலத்தை அளந்து கட்டினார்கள் என்ற பாராட்டை மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

இந்த 1914 வேலையில் என்னை நிஜமாகவே ஈர்த்த விஷயம் மணல் வடிகட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

மெதுமணல் வடிகட்டி என்பது பார்க்க ஒரு பெரிய தொட்டி. அடியில் ஜல்லி, மேலே மணல், அதற்கு மேலே தண்ணீர். தண்ணீர் மணல் வழியாக மிக மெதுவாகக் கீழே இறங்கும். சுத்தம் செய்கிற வேலையின் பெரும்பகுதியை மணல் செய்வதில்லை. ஓடத் தொடங்கிய சில நாட்களில் மணலின் மேல்பரப்பில் ஒரு வழவழப்பான படலம் உண்டாகிறது. பாசி, நுண்ணுயிர், வண்டல் எல்லாம் சேர்ந்த ஒரு உயிர்த்தோல். கிருமியைப் பிடிப்பதும் தின்பதும் முக்கியமாக அதுதான். ஆனால் அந்தப் படலம் தடித்துக்கொண்டே போகும், தண்ணீர் இறங்குவது குறையும். அப்போது தொட்டியை வற்றவிட்டு, ஆட்கள் உள்ளே இறங்கி, தட்டையான மண்வெட்டியால் மேல்மணலை ஒரு அங்குலத்துக்கும் குறைவாகச் சுரண்டி எடுக்கணும். எடுத்த மணலைக் கழுவிக் காயவைக்கணும். பிறகு தண்ணீர் விட்டு, புதுப் படலம் பிடிக்கும் வரை சில நாள் காத்திருக்கணும். சில வாரங்களுக்கு ஒருமுறை, தொட்டி மாற்றித் தொட்டி, இது நடந்துகொண்டே இருக்கணும். ஒருமுறை ஆழமாகச் சுரண்டிவிட்டாலோ, காத்திருக்காமல் திறந்துவிட்டாலோ, ஊருக்குப் போவது அழுக்குத் தண்ணீர்.

ஆக அந்த அற்புத இயந்திரம் ஓடினது, மண்வெட்டி பிடித்த கையின் பக்குவத்தால். அவர்கள் யார், எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், என்ன கூலி? புகழ்ச்சிக் கட்டுரைகளில் மேட்லி பெயர் இருக்கும். சென்னையில் அவர் பெயரில் சாலையும் இருக்கிறது. மணல் சுரண்டினவர்கள் பற்றி மூச்சில்லை.

எங்க பக்கத்து ஆளுக்கு இந்த மணல் சுரண்டல் புது விஷயமே இல்லை. ஊருணி எங்களுக்குப் பழக்கம். கண்மாய் பாசனத்துக்கு, ஊருணி குடிக்க. கோடையில் ஊருணி வற்றினதும் அடியில் இருக்கிற கரம்பையை வழித்தெடுத்து வண்டியில் போட்டுக் காட்டுக்கு அடிப்பார்கள். ஊருணி ஆழமாகும், காட்டுக்கு உரம். கண்மாய்க்கும் அப்படி ஆள் உண்டு. மடை திறக்க, எந்த வயக்காட்டுக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்க நீர்பாய்ச்சி. கலுங்கில் எந்த மட்டத்தில் தண்ணீர் தட்டினால் எந்த மடையைத் திறக்கணும் என்பது அவருக்கு மனப்பாடம். அவருக்குக் கூலி நெல்லாகக் களத்திலேயே அளந்து கொடுக்கப்பட்டது.

இதற்கெல்லாம் ஒரு பெயர் இருந்தது: மராமத்து. பழைய மதராஸ் அரசாங்கத்தில் ஏரி, கால்வாய் பார்க்கிற பிரிவுக்கே மராமத்து இலாகா என்றுதான் பெயர். மராமத்து என்றால் பழுதுபார்ப்பு. 1850-களில் அந்த இடத்துக்குப் பொதுப்பணித் துறை வந்தது. பழுதுபார்ப்பு என்று பெயர் வைத்திருந்த ஆபீஸ், 'வேலைகள்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. வேலை என்றால் புதுசாகக் கட்டுவது. இதை வெறும் சொல் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த வேலையைச் செய்தவன் பதவி உயர்வு வாங்குவான், எது அறிக்கையில் படமாக வரும் என்பதெல்லாம் அந்தப் பெயரிலேயே தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், நம்ம ஜனங்கள் ரொம்ப காலத்துக்கு அதை மராமத்து இலாகா என்றேதான் கூப்பிட்டார்கள்.

1858-ல் குடிமராமத்துக்கு ஒரு சட்டம் வந்தது. ஊர்க்காரன் தன் வழக்கப்படி செய்துவந்த உழைப்பைக் கட்டாய உழைப்பாக எழுதிவைத்த சட்டம். வழக்கம் சட்டமானதும் வழக்கத்தின் உயிர் போய்விட்டது, சட்டமும் ஓடவில்லை. 1883 வாக்கில் ஏரி சீரமைப்புத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அது அரசாங்கத்துக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி நிலத்து ஏரிகளுக்கு. அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் அப்போது ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்த பகுதி. ஜமீன் கண்மாய் ஜமீன் பொறுப்பு. ஜமீனோ கடனில். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து கண்மாய்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனபோது, தூர்ந்து போன ஒரு சங்கிலியைத்தான் ஒப்படைத்தார்கள்.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கம் சாய்கிற ஆபத்தும் இருக்கு. "நம்ம முன்னோர் எல்லாம் தெரிஞ்சவங்க, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான்" என்கிற எழுத்துவகை. அதுவும் இப்போது நிறைய வருகிறது, பெரியப்பா வகையறாவுக்கு நேர் எதிர் மாதிரித் தெரியும். ஆனால் குறை ஒன்றுதான். அந்த எழுத்தில் ஊருணிப் படித்துறையில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்ற பேச்சே வராது. எத்தனையோ ஊரில் தலித்துகளுக்கு ஊருணி கிடையாது, தனி ஊருணி, அல்லது கரையில் காத்திருந்து யாராவது ஊற்றினால் உண்டு. படி இறங்கி மொள்ளும் தண்ணீரில் நரம்புச் சிலந்தி இருந்தது. காலில் புண்ணோடு ஒருத்தர் இறங்கினால் புழுவின் குஞ்சு தண்ணீரில் கலந்து, குடிக்கிறவன் உடம்பில் ஒரு வருஷம் கழித்து நூல் நூலாக வெளியே வரும். இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று வாங்கியது 2000-ல். தெருவில் குழாய் வந்தது பல பேருக்கு விடுதலை. குழாயைத் திட்ட எனக்கு மனசு வராது.

சரி, குழாய் வந்தாச்சு. வந்த தண்ணீர் எங்கே போச்சு?

ஒரு வீட்டுக்கு நாலு குடம் தண்ணீர் வந்தால் மூணு குடமாவது வெளியே போகணும். கிணற்றுக் காலத்தில் மொண்டு ஊற்றும் அளவு குறைவு, வாழை மரத்தடியில் சுவறிவிடும். குழாய் வந்தால் அளவு கூடும், மண் தாங்காது. இது அந்தக் கால எஞ்சினியர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. லண்டனில் இதே தப்பு நடந்து, 1858 கோடையில் தேம்ஸ் நாற்றத்தில் பாராளுமன்றமே மூக்கைப் பிடித்தது. உடனே அடுத்த வருஷமே பஸல்ஜெட் தலைமையில் பாதாளச் சாக்கடை வேலை தொடங்கியது. பம்பாய்க்கு 1860-ல் விஹார் ஏரித் தண்ணீர் வந்தது. வடிகால் இல்லாமல் ஊர் நிலம் ஊறிப்போனது பெரிய புகாராயிற்று. 1863-ல் இந்திய ராணுவத்தின் சுகாதாரம் பற்றி ராயல் கமிஷன் அறிக்கை வந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அதை வைத்து விடாமல் எழுதினார். சென்னையின் வடிகாலுக்கே கேப்டன் ஹெக்டர் டலக் 1865-ல் விரிவான திட்ட அறிக்கை கொடுத்துவிட்டார். ஃப்ரேசரின் தண்ணீர்த் திட்டத்துக்கு ஒரு வருஷம் முன்னால்!

தண்ணீர்த் திட்டம் ஆறே வருஷத்தில் முடிந்தது. வடிகால் திட்டம் தூங்கியது. டலக் பம்பாய் நகராட்சிக்குப் போய்விட்டார். 1870-களின் நடுவில் கல்கத்தா வடிகாலைக் கட்டிய வில்லியம் கிளார்க் வரவழைக்கப்பட்டு இன்னொரு அறிக்கை. கறுப்பர் நகரம் என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனில் சாக்கடை அமைப்பு உருப்படியாகத் தொடங்கியது 1890 வாக்கில். நகர முழுவதற்குமான வடிவமைப்பு 1910 வாக்கில். தண்ணீர் உள்ளே வந்ததற்கும் வெளியே போக வழி செய்ததற்கும் நடுவில் ஒரு தலைமுறைக்கு மேல்.

காரணம் கேட்டால் சென்னை தட்டையான ஊர் என்பார்கள். உண்மைதான். சரிவு இல்லாத நிலத்தில் கழிவு தானாக ஓடாது, கட்டம் கட்டமாக இறைத்துத்தான் கடத்தணும், செலவு கூடும். ஆனால் தள்ளிப்போட முடிந்ததற்கு முக்கியமான காரணம் நிலம் இல்லை, ஆள். வீட்டுக் கொல்லையில் போய் மலத்தை அள்ளி, கூடையில் சுமந்து, வண்டியில் கொட்ட ஆட்கள் இருந்தார்கள். குறிப்பிட்ட சில சாதிகளில் பிறந்ததாலேயே அந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டவர்கள். நகராட்சி அவர்களைச் சம்பளப் பட்டியலில் ஏற்றி, 'கன்சர்வன்சி' என்று பெயர் வைத்தது. ஊரில் இருந்த கொடுமையை நகராட்சி உண்டாக்கவில்லை. ஆனால் அதையே தன் வடிகால் அமைப்பாகக் கணக்கில் எழுதிக்கொண்டது. கல்லும் இரும்பும் வாங்குவதைவிட அந்த உடம்புகள் மலிவு. லண்டனில் அந்த மலிவு கிடைக்கவில்லை, அதனால் அங்கே சாக்கடை கட்டினார்கள்.

புகழ்ச்சிக் கட்டுரைகள் மேல் என் கோபம் இங்கேதான். 1872-ஐப் பேசுகிறவர்கள் 1872-லிருந்து 1890 வரை சென்னையின் வடிகால் எது என்று கேட்பதில்லை. வடிகால் மனிதர்களாக இருந்தது. பாதாளச் சாக்கடை வந்த பிறகும் அடைப்பு எடுக்க உள்ளே இறங்கினது அவர்களே. 1993-ல் ஒரு தடைச் சட்டம், 2013-ல் இன்னொன்று. 2014-ல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது. 2023-ல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. தொகை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. "இன்னும் அசையாம நிக்குது" என்று பெரியப்பா சொல்வது இந்த ஏற்பாட்டுக்குத்தான் ரொம்பப் பொருந்தும்.

ஒருநாள் பெரியப்பாவிடம் கேட்டேன். "மகன் வீட்ல குளிச்சீங்களே பெரியப்பா, அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு பாத்தீங்களா?" அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க முடியாது. "ஏன்டா, அதைப் போய் எவன் பாப்பான்?" பெரியம்மா உள்ளிருந்து, "படிச்ச புள்ள கேக்குற கேள்வியப் பாரு" என்றார்.

இனி எங்க பக்கத்துப் பிரதிக்கு வருகிறேன். எங்க வறண்ட சீமை என்றாலே எல்லாரும் எடுத்துக்காட்டும் படைப்பு கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகம். அதை 1981-ல் கே. பாலசந்தர் படமாக்கினார். கோவில்பட்டிப் பக்கத்து அத்திப்பட்டி என்ற கற்பனைக் கிராமம். மனு கொடுத்துச் சலித்த ஜனம். வெளியூரிலிருந்து வந்து ஒளிந்திருக்கும் வெள்ளைச்சாமி, மாட்டு வண்டியில் பீப்பாய் கட்டி தூரத்துத் தேனூத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறார். அந்த ஏற்பாட்டுக்கு இடைஞ்சல் வந்த பிறகு, ஊரே சேர்ந்து தாங்களே கால்வாய் வெட்டப் போகிறது, அரசாங்கம் வந்து நிறுத்துகிறது.

பெரிய படம்தான். அதிகாரம் ஒரு ஊரை எப்படி அலைக்கழிக்கும் என்பதை அவ்வளவு நேராகச் சொன்ன தமிழ்ப்படம் அதிகமில்லை. எல்லாரும் நினைவில் வைத்திருப்பது கால்வாய் வெட்டும் பகுதியை. எனக்கு அதில் பிடித்தது அந்த மாட்டு வண்டி. தினமும் போகணும், தினமும் வரணும், மாட்டுக்குத் தீவனம், பீப்பாய்க்கு அடைப்பு, வண்டிக்கு அச்சு. அது ஒரு நீர்வழங்கல் அமைப்பு, அதன் உயிர் பராமரிப்பில் இருக்கிறது. ஆனால் படம் அதில் ரொம்ப நேரம் தங்க முடியாது. நாடகத்துக்கு உச்சம் தேவை, தினப்படி வேலையில் உச்சம் கிடையாது. அதனால் கால்வாய்க்குப் போகிறது. தூரத்திலிருந்து தண்ணீரைக் கொண்டுவருவது வீரம். ஊரில் இருக்கிற கண்மாய் ஏன் தூர்ந்தது, அதை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எப்போது நின்றார்கள் என்ற கேள்வி கதைக்குள் வரவே இல்லை. கோமலைக் குறை சொல்வதற்கில்லை, ஒரு நாடகத்தில் எல்லாவற்றையும் கேட்க முடியாது. ஆனால் எங்க பகுதியைப் பற்றிய ஒரே சித்திரமாக அது நின்றுபோனதால், ஃப்ரேசர் புகழ்பாடிகளும் அரசாங்கத்தை எதிர்க்கும் அந்தப் படமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இருவருக்கும் தண்ணீர் என்றால் தொலைவிலிருந்து வருவது.

இந்தத் தொலைவு ஆசை எங்க சீமைக்குப் பழசு. பெரியாற்றை வைகைக்குத் திருப்ப முடியுமா என்று 1789-ல் ஆள் அனுப்பிப் பார்த்தவர் ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. பணம் கூடி வரவில்லை. 1895-ல் பென்னிகுவிக் முடித்தார். அந்த அணையால் வாழ்கிறவர்கள் அவர் படத்தை வீட்டில் மாட்டியிருப்பதில் எனக்குக் கேலி கிடையாது. ஆனாலும் பட்டியலை நீட்டிப் பாருங்கள். இன்று அருப்புக்கோட்டைக்கு வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாயில் தண்ணீர் வருகிறது. இரண்டும் எங்க மாவட்டத்தில் ஓடாத ஆறுகள். 2021 பிப்ரவரியில் காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள், 262 கிலோமீட்டர் கால்வாய். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் சென்னை 1872-ல் பிடித்த வரிசையை நாங்கள் அப்படியே படித்துக்கொண்டோம். முதலில் தூரத்துத் தண்ணீர். வடிகால் பிறகு. பராமரிப்பு எப்போதாவது. அந்த வழியிலேயே போன சென்னைக்கு 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றிப் போனார்கள். சென்னைக்கு விழும் மழை எங்களுக்கு விழுவதைவிட ரொம்ப அதிகம்.

குழாய்த் தண்ணீர் வந்த தென்மாவட்டச் சிறு நகரங்களில் நான் பார்த்த ஒரு காட்சி மாறாதது. தெருச் சாக்கடை போய்ச் சேரும் இடத்தைத் தேடி நடந்தால், கடைசியில் ஒரு பழைய வரத்துக்காலில் போய் நிற்போம். மழைநீரைக் கண்மாய்க்குக் கொண்டுபோன அதே கால். அதில் இப்போது சோப்பு நுரையும் சாயத் தண்ணீரும். நெசவு ஊர் என்றால் பாவுக் கஞ்சி கழுவின தண்ணீரும் சேரும். கண்மாய் ஓரத்தில் ஆகாயத்தாமரை, மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம். ஊருக்கு வெளியிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியதும் ஊர்த் தண்ணீர் யாருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்படாத பள்ளத்தில் கழிவை விட்டார்கள். குழாய் கண்மாயை இப்படியும் கொன்றது. 2017-ல் அரசாங்கம் குடிமராமத்து என்ற அதே பழைய பெயரில் திட்டம் கொண்டுவந்து பல கண்மாய்களைத் தூர்வாரியது. உள்ளே வரும் சாக்கடையை அப்படியே விட்டுவிட்டு ஒரு கண்மாயைத் தூர்வாருவது, தேய்க்காத செம்பில் பாலை ஊற்றுகிற மாதிரி.

வடிகாலைப் பற்றி யோசித்தபடி போன மாதம் திருச்சுழிக்குப் போனேன். திருச்சுழி என்றதும் எல்லாரும் ரமணர் பிறந்த ஊர் என்பார்கள். எனக்கு அந்த ஊரின் பெயர்க் கதைதான் வேண்டியிருந்தது. பிரளய வெள்ளம் ஊரைச் சூழ்ந்தபோது சிவன் சூலத்தால் பூமியில் ஒரு துளை போட்டார், வெள்ளம் சுழித்து அதற்குள் இறங்கிப் போனது, அதனால் சுழியல். திருமேனிநாதர் கோயில் தலபுராணம் சொல்வது அது. பக்கத்தில் குண்டாறு. நான் போன அன்று ஆற்றில் மணலும் முள்ளும்தான்.

மழை பெய்யாத சீமை தன் சாமிக்குக் கொடுத்திருக்கும் வேலையைப் பாருங்கள். தண்ணீரைக் கொண்டுவருவது இல்லை, வடியவைப்பது. கோயில் ஐயரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "இங்க ஐப்பசி கார்த்திகைல அடிக்கிற மழையப் பாத்திருக்கேளா? வருஷத்து மழை பாதி ரெண்டு மாசத்துல கொட்டிடும். போக வழி இல்லேன்னா ஊர் நிக்குமா?" என்றார். பதில் இவ்வளவு நேராக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண்மாய்க்குக் கலுங்கு கட்டினவனுக்குத் தெரிந்த விஷயம்தான். நிரம்பினால் எங்கே போகும் என்று முதலில் யோசித்துவிட்டுத்தான் கரை போட்டான்.

திரும்பி வரும்போது, எங்க தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற அண்ணனைப் பார்த்தேன். சைக்கிளில் அந்த நீள இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு வருவார். வேலையிலிருந்து இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம், எதை முதலில் திறந்தால் எது காயும், எந்த வால்வை முழுசாக மூடினால் திரும்பத் திறக்காது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கு. எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"எதுக்குத் தம்பி எழுதணும்? மேட்டுத்தெருவுக்குப் பதினோரு சுத்து. பள்ளத்துக்கு நாலு. பங்குனி சித்திரைல ரெண்டு சுத்து கொறைச்சுக்கணும்."

அடுத்து வருகிறவருக்குச் சொல்லிக்கொடுத்தாச்சா என்றேன். அடுத்த ஆள் யாருன்னே இன்னும் சொல்லலை என்றார். நோட்டை எடுத்து நானே எழுதிக்கொண்டேன். இதுவரை ஏழு தெரு ஆகியிருக்கிறது.